அழுத்தத்தை எண்ணாத விதிகள்

உயர் அழுத்தச் சிலிண்டர்களைக் கையாள்வதில் கறாரான ஒழுங்கு உடையவர்கள் ஸ்கூபா முக்குளிப்போர். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் தா.பழூருக்கு அவர்கள் தொழில் புதிது. அவர்கள் முதுகில் சுமக்கும் அழுத்தம் புதிதன்று. மருத்துவமனை ஆக்சிஜன், வெல்டிங் பட்டறைச் சிலிண்டர், கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரைக் கூட்டத்தில் பலூன் ஊதும் சிலிண்டர் எல்லாம் அதே இனம். இவற்றை ஆள்வன, 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த வாயு உருளை விதிகள், 2016. அவற்றின் தகுதியை முக்குளிப்போரின் நெறியை அளவுகோலாக வைத்து எடைபோடலாம்.

பரவலாகப் புழங்கும் அலுமினிய ஸ்கூபா சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், அழுத்தம் 207 பார். அதனுள் அடைபட்ட ஆற்றல் ஒரே நொடியில் வெளிப்பட்டால், ஒரு டன் எடையை நாற்பது மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். காற்று எரிவதில்லை, நச்சுமில்லை; ஆபத்து முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. எந்த விதித்தொகுப்பும் முதலில் ஏற்க வேண்டிய உண்மை இது.

பொறியியல் பகுதியில் 2016 விதிகள் உறுதியானவை. 150 பாரில் இயங்கும் ஆக்சிஜன் சிலிண்டர் 250 பாரில் சோதிக்கப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. தேதி சிலிண்டரின் தோளிலேயே பொறிக்கப்பட வேண்டும். கெடு கடந்ததை நிரப்பக் கூடாது. தேறாததை நசுக்கி அழிக்க வேண்டும். இந்தக் கட்டமைப்பில் முரண் இல்லை. வெயிலில் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். நல்ல சிலிண்டர் அதை எளிதில் தாங்கும். துருப்பிடித்துச் சுவர் மெலிந்தது தாங்காமல் போகலாம். ஆகவே வெயிலைத் தவிர்க்கும் விதியும் காலச் சோதனை விதியும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

கையாளும் விதிகளும் தெளிவானவை: கீழே போடாதே, ஒன்றின்மேல் ஒன்று விழவிடாதே, ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவிடாதே, காலியானாலும் வால்வை மூடிவை. கடைசி விதி சிறிதாகத் தோன்றும், நுட்பம் அதில்தான். திறந்து கிடக்கும் காலிச் சிலிண்டருக்குள் ஈரக் காற்று புகும். எஃகு உள்ளிருந்து அரிக்கும். முக்குளிப்போர் சிலிண்டரை முழுதும் காலியாக்காமல் சிறிது அழுத்தத்தை மிச்சம் வைப்பதன் காரணமும் இதுவே. ஆனால் லாரியிலிருந்து பழைய டயர்மேல் சிலிண்டரைத் தள்ளி இறக்கும் கைகளுக்கு இந்த விதியும் அதன் காரணமும் போய்ச் சேரவில்லை.

விதிகளின் முதன்மைக் குறை உரிமப் பிரிவில் இருக்கிறது. நச்சு வாயு என்றால் ஐந்து சிலிண்டர் வரை உரிமம் வேண்டாம். எரியாத, நச்சற்ற வாயு என்றால் இருநூறு வரை வேண்டாம். வகைப்பாடு வாயுவின் குணத்தை எண்ணுகிறது, அழுத்தத்தை எண்ணவில்லை. ஒற்றை ஹீலியம் சிலிண்டரோடு கூட்டத்தின் நடுவில் நிற்கும் பலூன் வியாபாரி இதனால் உரிமப் பார்வைக்கு வெளியே போகிறார். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். பழைய சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு ஹைட்ரஜன் தயாரிக்கும் பழக்கம் இன்னும் கொடியது. அது விதிமீறல் என்பதைச் சொல்லவும் சந்தையில் ஆளில்லை.

மறுதரப்பு வாதத்துக்கும் எடை உண்டு. ஒவ்வொரு பலூன்காரரும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் கேட்பது நடவாத காரியம். எளியவரின் பிழைப்பைக் காகிதத்தால் அடைப்பதும் நீதியன்று. இருநூறு என்ற வரம்பு பட்டறைகளையும் சிறு மருத்துவமனைகளையும் மூச்சுவிட வைக்கிறது. 2021இல் ஆக்சிஜன் தட்டுப்பாட்டின்போது நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களை மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்ற இதே அமைப்பு அனுமதித்தது; நெகிழ்வு உயிர் காத்த தருணம் அது.

ஆயினும் நெகிழ்வு வேறு, கண்காணிப்பின்மை வேறு. இங்கே முக்குளிப்போரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐந்தாண்டுச் சோதனை சட்டம் கேட்பது. ஆண்டுதோறும் வால்வைக் கழற்றி உட்புறம் பார்ப்பதோ தொழில் மரபு. பார்வைச் சோதனை முத்திரை இல்லாத சிலிண்டரை முக்குளிப்புக் கடைகள் நிரப்ப மறுக்கின்றன. சட்டத்தின் இடைவெளியைச் சிலிண்டர் நிரப்புபவரின் மறுப்பு அடைக்கிறது. 6351 அலுமினியக் கலவையால் ஆன பழைய சிலிண்டர்களின் கழுத்து விரிசல்களைப் பிடிக்க இப்படி உள்ளே பார்க்கும் கண் உதவியது. நம் விதிகளும் நிரப்புபவர்மேல் கடமையைச் சுமத்துகின்றன. நம்மிடம் குறைவது மறுக்கும் பழக்கம்.

தீர்ப்பு இது: சிலிண்டர் என்ற பொருளுக்கு 2016 விதிகள் தரமானவை, அது நிற்கும் இடத்துக்கும் அதைத் தொடும் ஆளுக்கும் போதாதவை. திருத்தத்துக்குப் புதிய உரிமம் வேண்டியதில்லை. திருவிழாக் கடைக்கு இடம் ஒதுக்கும் ஊராட்சி, சிலிண்டரின் தோளில் உள்ள சோதனைத் தேதியைப் படிக்கட்டும். தேதி இல்லாததையும் கெடு கடந்ததையும் கூட்டத்துக்குள் விடாதிருக்கட்டும். தா.பழூர் ஒன்றியம் இதை அடுத்த திருவிழாவிலேயே தொடங்கலாம். தடுக்கும் விதி எதுவும் இல்லை.