ஊதாத விசில்

வடகவுஞ்சி மாதிரி மலையூரில் சமதளம் கிடைப்பதே அரிது. வாலிபால் எகிறினால் காபித் தோட்டத்துக்குள் போய்த்தான் தேட வேண்டும். அங்கே பையன் ஒருவன் சர்வீஸை வலையில் அடித்ததும் இளம் பயிற்சியாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பின்னால் நின்ற மூத்தவர், "பொறுங்க தம்பி, அவனே பாத்துக்குவான்" என்றார். பையன் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து, பந்தை இன்னும் உயரத் தூக்கிப் போட்டு அடித்தான். தாண்டியது.

இந்த அடக்கம் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் வராது. பக்கத்தில் ஆள் வேண்டும். ஹைதராபாத்தில் எஸ்.எம். ஆரிஃபிடம் பயிற்சி பெற்ற பேட்மிண்டன் வீரர் கோபிசந்த், 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சிந்து வெள்ளி வென்றபோது பயிற்சியாளர் அவரே. துரோணாச்சாரியார் விருது 1985 முதல் இருக்கிறது. பயிற்சியாளரைப் பழக்கியவருக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. விசிலைத் தடுத்த அந்த மூத்தவருக்கு யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் உண்டு.