சேத்துப்பட்டு ஆய்வும் புழலின் நோயாளியும்

காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானட்டோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்த்தது, சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்குச் சானட்டோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. 1959இல் வெளியான முடிவின்படி வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் சானட்டோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. ஐந்தாண்டில் அந்தச் சிறு வேறுபாடும் மறைந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

படுக்கைகள் ஆயிரக்கணக்கிலும் நோயாளிகள் லட்சக்கணக்கிலும் இருந்த நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு அமைந்திருக்க முடியாது. நெரிசலான வீடும் குறைந்த கூலியும் கொண்டவர்களை அவர்கள் வாழும் நிலையிலேயே வைத்து மருந்தைச் சோதித்ததுதான் அதன் வலிமை. பணக்கார நாட்டு மருத்துவமனையில் கிடைத்த எந்த முடிவும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்காது.

அந்த வலிமைக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. வீட்டுப் பிரிவினர் சானட்டோரியப் பிரிவினரைவிட மோசமாக உண்டனர், ஆனாலும் குணமாயினர். குணமாவதற்கு நல்ல உணவு கட்டாயமில்லை என்ற அளவில் இந்த முடிவு சரியே. ஆனால் ஒருவருக்கு நோய் ஏன் வருகிறது, யார் இறக்கிறார் என்ற கேள்விகளை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் அதுவே விடை என்பதுபோல, பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டம் மாத்திரையைச் சுற்றியே சுழன்றது. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு இதைத் திருத்தியது. மங்களூர் யெனெபோயா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் சென்னை நிறுவனமும் இணைந்து நடத்திய அந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப் பொருள்கள் மாதந்தோறும் தரப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கடும் ஊட்டக்குறைவோ மூச்சுத் திணறலோ உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தமிழ்நாடு 2022இல் தொடங்கியது. எல்லோருக்கும் படுக்கை வேண்டாம், சிலருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது நீண்ட தாமதம்.

வாரம் இருமுறை, கண்காணிப்பில் மருந்து தரும் முறையும் 1960களில் இந்த மையத்தில் சோதிக்கப்பட்டதே. இடைவிட்டு மருந்து தரும் முறை பின்னாளில் நாடு முழுவதும் வேறு மருந்துகளுடன் நடைமுறைக்கு வந்தது. எச்ஐவி உள்ள நோயாளிகளுக்கு அதைவிடத் தினசரி மருந்தே சிறந்தது என்று காட்டியதும் இதே நிறுவனத்தின் ஆய்வுதான். தன் மரபில் வந்த முறையைத் தானே சோதித்து மறுக்கும் துணிவு ஆய்வு நிறுவனத்துக்கு அழகு. அது இங்கே இருந்தது.

இன்னும் தீராத குறை ஒன்றைச் சென்னைப் புறநகரான புழலில் தெளிவாகக் காணலாம். மருந்தாய்வுகள் பெரும்பாலும் நிலையான முகவரி உள்ளவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. தொடர்ந்து கண்காணிக்க முடியாதவர் ஆய்வின் கணக்கைக் கெடுப்பார் என்பது காரணம். ஆனால் நோய் எளிதில் பரவும் இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் முகவரி மாறுபவர்களே. புழல் மத்தியச் சிறையின் விசாரணைக் கைதி ஆறு மாத மருந்தில் இரண்டு மாதம் உள்ளே உண்டு, பிணையில் வெளியேறலாம். பக்கத்துச் செங்குன்றம் அரிசி ஆலைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளி வேலை முடிந்ததும் வேறிடம் போகலாம். வீடு என்ற ஒன்று இருக்கிறது என்று எண்ணியே வடிவமைத்த சிகிச்சை இவர்களிடம் தடுமாறுகிறது. கைதிகளை ஆய்வில் சேர்ப்பதில் வேறு சிக்கலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அவர்களை எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினராகக் கருதுகின்றன. காவலில் உள்ளவர் தரும் ஒப்புதல் எந்த அளவுக்குத் தன்விருப்பம் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அந்த ஐயத்தையே காரணம் காட்டி அவர்களை ஆய்விலிருந்து முழுதும் ஒதுக்கினால், அவர்களுக்குத் தரப்படும் சிகிச்சை என்றும் வேறொருவர் உடலில் சோதித்ததாகவே இருக்கும். சிறையில் தொடங்கிய மருந்து விடுதலைக்குப் பின் எந்த ஊரில், யார் கையால் தொடர்கிறது என்பதை ஆராய மருந்தையே புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை. சிறை மருத்துவமனைப் பதிவேட்டையும் மாவட்டக் காசநோய் மையத்தின் பதிவேட்டையும் இணைத்துப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.