சரித்திரத்தின் ஓரத்தில் ஒரு துணைவி: செல்லம்மா பாரதி நினைவுகூரப்படும் முறை

பாரதியாரைப் பற்றிய ஆய்வுகள் நூற்றாண்டுக் காலமாகப் பெருகி வந்துள்ளன. அவற்றுள் அவர்தம் துணைவியார் செல்லம்மா இடம்பெறாத நூல் அரிது. ஆயினும் அவர் இடம்பெறும் விதம் ஏறத்தாழ ஒரே தன்மையதாக உள்ளது. வறுமையைப் பொறுத்தவர், கணவரின் போக்குக்கு இசைந்தவர், இரு பெண்மக்களை வளர்த்தவர் என்ற மூன்று தொடர்களுக்குள் அவர் வாழ்வு அடக்கப்பட்டுவிடுகின்றது. ‘கற்பில் சிறந்த மனைவி, அன்பில் சிறந்த தாய்’ என்னும் இவ்வாய்பாடு எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை, செல்லம்மாவின் பெயரால் வெளிவந்த எழுத்துகளைக் கொண்டே இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம்.

முதற்கண் ஓர் எளிய கணக்கு. செல்லம்மா 1890இல் பிறந்தவர். 1897இல் திருமணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது, பாரதிக்குப் பதினான்கு. பாரதி மறைந்தது 1921. செல்லம்மா மறைந்தது 1955. ஆக, மணவாழ்வு இருபத்து நான்கு ஆண்டுகள். கைம்மை வாழ்வு முப்பத்து நான்கு ஆண்டுகள். மணவாழ்வின் தொடக்க ஆண்டுகளிலோ பாரதி காசியில் இருந்தார். 1908இல் அவர் புதுச்சேரிக்குச் சென்றபோதும் செல்லம்மா உடன் செல்லவில்லை. பின்னரே சென்று சேர்ந்தார். இவற்றைக் கழித்துப் பார்த்தால், இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலம் இன்னும் சுருங்கும். அச்சுருங்கிய காலமே செல்லம்மாவின் முழு வாழ்வாக நமக்குச் சொல்லப்பட்டு வருகின்றது. எஞ்சிய முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்னும் வினாவை நம் பாடநூல்கள் எழுப்புவதில்லை.

மனைவியை நினைவுகூர்தல் என்பது தமிழுக்குப் புதிதன்று. காதலியை இழந்தவன் நிலையைத் தொல்காப்பியம் தபுதார நிலை எனப் பெயரிட்டுக் காட்டுகின்றது. புறநானூற்றின் 245ஆம் பாடலில், சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தமைக்கு வருந்துகின்றான். துயரம் எவ்வளவு பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் அளவிற்குப் பெரிதாகவில்லையே என்பது அவன் நொந்துரைக்கும் செய்தி. மிகச் சிறந்த கையறுநிலைப் பாடல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பாடலை எத்துணை முறை படித்தாலும் அத்தேவி எப்படி வாழ்ந்தாள் என்பது தெரியவராது. பாடல் நெடுகிலும் இருப்பது அரசனின் துயரமே. அடுத்து வரும் 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தானே பேசுகின்றாள். அங்கே வெள்ளரி விதையும் எள்ளுத் துவையலும் வேளைக் கீரையும் பருக்கைக் கற்கள்மேல் பாயின்றிப் படுக்கும் படுக்கையும் வரிசையாக வந்துவிடுகின்றன. கைம்மை என்பது யாது என்பதை உணவாலும் படுக்கையாலும் அவள் அளந்து காட்டுகின்றாள். பெண் தானே பேசும்போது அடுக்களை உள்ளே வருகின்றது என்னும் இவ்வேறுபாடு, செல்லம்மாவைப் படிப்பதற்கும் நமக்கு உதவும்.

செல்லம்மாவின் பெயரில் ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் சக்தி காரியாலய வெளியீடாக வந்தது. தாய் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதியது என்பர். எனவே இதனைத் தனியொருவர் குரலாகக் கொள்வதைவிட, தாயின் நினைவும் மகளின் நடையும் கலந்த பனுவலாகக் கொள்வதே பொருத்தமாகும். எது யாருடையது எனப் பிரிக்க முனைவது பயனற்ற வேலை என்பது எம் கருத்து. நூலின் பெயரே கவனிக்கத்தக்கது. எழுதியவர் மனைவி, சரித்திரம் கணவருடையது. தன் வாழ்வைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு அக்காலம் அளித்த ஒரே வாயில், கணவரின் வாழ்வைச் சொல்வதே எனலாம். அவ்வாயிலில் நுழைந்தவர், தமக்குரியவற்றையும் உடன் எடுத்துச் சென்றார். 1951இல் திருச்சி வானொலியில் அவர் நிகழ்த்திய ‘என் கணவர்’ என்னும் உரையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகின்றது. யாருக்கு வேண்டுமானாலும் மனைவியாக இருந்துவிடலாம், கவிஞனுக்கு மனைவியாக இருப்பது கடினம் என்னும் கருத்தை அவ்வுரையில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றார். பெருமிதமும் குறையும் ஒரே மூச்சில் வருகின்றன. நம் விழா மேடைகள் பெருமிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

சிட்டுக்குருவி நிகழ்ச்சியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்தார் என்னும் செய்தியை அறியாத தமிழாசிரியர் இலர். ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பாரதி’ (2000) திரைப்படம் அதனைக் காட்சியாக்கி மேலும் பரப்பியது. வகுப்பறையில் இந்நிகழ்ச்சி எப்போதும் ஒரு முடிவையே தருகின்றது: கவிஞரின் உயிர் இரக்கம். அம்முடிவு பிழையன்று. எனினும் அதே நிகழ்ச்சியில் வேறு வினாக்களும் உள்ளன. அந்த அரிசி எவ்வாறு வீட்டுக்கு வந்தது? பக்கத்து வீட்டில் கடன் கேட்டவர் யார்? அன்று இரு குழந்தைகளுக்கும் உணவு கிடைக்க மறுபடி எந்த வாயிலில் நின்றவர் யார்? அண்டை அயலில் பெண்கள் ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கிய அரிசியும் பருப்பும்தான் புதுச்சேரி வாழ்வின் பல நாள்களைத் தாங்கின. மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ (1954) இவ்வுலகத்தை ஒரு சிறுமியின் கண்வழி காட்டுவதால், பெரியோர் எழுதிய பல வரலாறுகளைவிட நமக்குப் பயன்மிக்கதாகின்றது. குருவிகளுக்கு இறைக்க அரிசி இருந்தது என்பதே செல்லம்மாவின் உழைப்பு. இதனைச் சொல்வதால் பாரதியின் இரக்கம் குறைந்துவிடாது. அதன் விலையை யார் கொடுத்தார் என்பது மட்டும் தெரியவரும்.

காசியிலிருந்து பாரதி எழுதியதாக அறியப்படும் மடலையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தம்மைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் மகிழ்வேன் என்னும் கருத்தினை அம்மடல் மனைவிக்குச் சொல்கின்றது. பெண்கல்வி பற்றிய பாரதியின் சிந்தனைக்கு இதனை மேற்கோளாக்குவோர் பலர். அவ்வறிவுரையைப் பெற்ற சிறுமி பின்னாளில் என்ன ஆனாள் என்று பார்ப்போர் சிலரே.

அவர் பதிப்பாளர் ஆனார் என்பதே விடை. கணவர் மறைந்த மறு ஆண்டே, 1922இல், ‘பாரதி ஆச்சிரமம்’ என்னும் பெயரில் ‘சுதேச கீதங்கள்’ வெளிவந்தது. அம்முயற்சியில் முன்நின்றவர் செல்லம்மா. முப்பத்திரண்டு வயதுப் பிராமணக் கைம்பெண், கணவரின் கையெழுத்துப் படிகளைக் காத்து, தமிழ்மக்களிடம் ஆதரவு வேண்டி, நூல் பதிப்பில் இறங்கினார் என்பது அக்காலச் சூழலில் சிறு செயலன்று. அம்முயற்சி நீண்ட காலம் நிலைக்கவில்லை. பதிப்புப் பணி பின்னர் பாரதியின் தம்பி விசுவநாத ஐயர் முதலியோரின் பாரதி பிரசுராலயத்திடம் சென்றது. 1949இல் சென்னை மாகாண அரசு பதிப்புரிமையைப் பெற்றது. இவ்வரலாற்றினை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ (2015) என்னும் நூலில் ஆவணச் சான்றுகளுடன் விரிவாக எழுதியுள்ளார். பதிப்பு வரலாற்றில் செல்லம்மாவிற்குரிய இடம் ஆய்வுலகில் இவ்வாறு தெளிவாகியிருக்க, ‘பொறுமையின் வடிவம்’ என்ற அளவிலேயே மேடையும் வகுப்பறையும் நின்றுவிடுவது வியப்பளிக்கின்றது.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். செல்லம்மாவைப் பாரதியால் ஒடுக்கப்பட்டவராக மட்டும் காட்டும் அண்மைக்காலப் போக்கும் எமக்கு உடன்பாடன்று. அதுவும் அவர் சொன்னதைக் கேளாமல் அவர்க்காகப் பேசுவதேயாகும். வானொலி உரையில் குறை கூறும் அதே குரல், கணவரின் கவிதை மீது அசையாத நம்பிக்கை கொண்ட குரலாகவும் உள்ளது. அந்நம்பிக்கை இல்லாதிருந்தால் 1922இல் அந்நூல்கள் அச்சேறியிரா.

செல்லம்மாவின் ஊராகிய கடையத்தில் 2022இல் பாரதியுடன் அவரும் சேர்ந்து நிற்கும் சிலை நிறுவப்பட்டது. வரவேற்கத்தக்க செயல்தான். சிலையில் அவர் கணவரின் அருகில் நிற்கின்றார். ‘சுதேச கீதங்கள்’ அச்சான ஆண்டில் அவர் அருகில் கணவர் இல்லை. பாரதியை அறிமுகப்படுத்தும் பாடத்தில் அந்த ஆண்டையும் அந்நூலையும் அதனை வெளியிட்டவர் பெயரையும் ஒரு வரியில் சேர்ப்பதற்குத் தமிழாசிரியர்களுக்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை.