ஒகிமாச்சியின் புல்கூரைகள்

மத்திய ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், அடர்ந்த மலைக்காடுகளுக்கு நடுவே ஷோ ஆற்றங்கரையில் இருக்கிறது ஷிரகவா-கோ பகுதியின் ஒகிமாச்சி கிராமம். குளிர்காலத்தில் இங்கே ஆளுயரத்துக்குப் பனி குவியும். அது தங்காமல் சரிந்து விழத்தான் வீடுகளின் புல்கூரைகள் ஏறத்தாழ 60 பாகைச் சாய்வில் எழுகின்றன. பெரும்பாலானவை கிழக்கும் மேற்கும் பார்ப்பதால் இருபுறமும் வெயில் பட்டுப் பனி உருகுகிறது.

கூரைச் சட்டத்தில் இரும்பு ஆணி கிடையாது. சாய்மரங்களின் அடிமுனையைக் கூராகச் செதுக்கி, உத்தரத்தில் வெட்டிய குழியில் நிறுத்துகிறார்கள். காற்றடித்தால் கூரை சற்றே அசைந்துகொடுக்கும், முறியாது. கட்டுவதற்கு இளங்கிளைகளைப் பச்சையாகவே முறுக்கிச் சுற்றுகிறார்கள். காயக் காய அந்தக் கட்டு இறுகும்.

பரண் தளங்களில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே எரியும் தரையடுப்பின் சூடு இடைவெளிவிட்ட பலகைகள் வழியே மேலேறிப் புழுக்களுக்கு இதம் தந்தது. அதன் புகை புல்லையும் மரத்தையும் பூச்சி அண்டாமல் காத்தது.

புல்லை 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு வீட்டுக்கு ஊரே கூடிக் கைகொடுப்பது இங்கே பழைய முறை. அடுத்த வீட்டின் முறை வரும்போது அந்த உழைப்பைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

1995இல் ஒகிமாச்சியும் அண்டைப் பகுதியான கொகயாமாவின் ஐனொகுரா, சுகனுமா கிராமங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பல வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். வாதா குடும்பத்தின் பெரிய வீடு போன்ற சிலவற்றுக்குள் பயணிகள் கட்டணம் செலுத்திப் பரண்வரை ஏறிப் பார்க்கலாம்.