தளர்நடைக்குப் பின்னும் தாய்ப்பால்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு வித்திட்டவர் பெரியாழ்வார் என்பதை ஆசிரியரும் மாணவரும் நன்கறிவர். அவர்தம் திருமொழியில், கண்ணனைப் பால் உண்ண அழைக்கும் பதிகம் எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பது நின்று நோக்கத்தக்கது.

தாலாட்டும் அம்புலியும் செங்கீரையும் சப்பாணியும் முடிந்தபின், முதற்பத்தின் ஏழாம் திருமொழியில் கண்ணன் தளர்நடை நடக்கிறான். பால் உண்ண அழைக்கும் பதிகமோ இரண்டாம் பத்தின் இரண்டாம் திருமொழி. பிள்ளை நடை பயின்று, ஓடிவந்து தாயின் முதுகைக் கட்டிக்கொண்டு, அப்பூச்சி காட்டி விளையாடிய பின்னரே அது வருகிறது. அதற்கு அடுத்தது காது குத்தும் பதிகம். எனவே, ஆழ்வார் காட்டும் பால்குடிப் பிள்ளை கைக்குழந்தை அல்லன். தெருவில் திரியும் சிறுவன்.

பாடல்களின் உள்ளடக்கமும் இதற்குச் சான்று பகர்கிறது. வைத்த நெய்யையும் தயிரையும் வெண்ணெயையும் வீட்டில் மிஞ்சவிடாதவனையே யசோதை பாலுக்கு அழைக்கிறாள். பிற உணவு உண்ணும் பிள்ளைக்குத் தாய்ப்பால் எதற்கு என்னும் வினா அவளுக்கு எழவில்லை. இரவு உண்ணாது உறங்கினாய், உச்சிப்பொழுதும் ஆயிற்று, வயிறு வாடினாய் என்பதே அவள் கவலை.

இனி, ஊரார் வாய்ச்சொல்லைக் காண்போம். தம் மக்களை அழவிட்டான் என்று பிற தாய்மார் பூசலிட வருகின்றனர். குறும்பைப் பழித்தவர்கள் பால்குடியைப் பழித்ததாக ஆழ்வார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாறாக, இவனைப் பெற்றவள் என்ன நோன்பு நோற்றாளோ என்று கண்டோர் வியக்கின்றனர். அத்தகைய பெயரை எனக்கு வாங்கித் தந்தவனே, பால் உண்ண வா என்கிறாள் தாய்.

கண்ணன் கடவுள்; அவனுக்குரியதை மானிடப் பிள்ளைக்கு ஏற்றிக் கூறலாமா என்று சிலர் வினவக்கூடும். கடவுளைப் பிள்ளையாக்கிப் பாட வந்தவர், பிள்ளை வளர்க்கும் வீடுகளிலிருந்தே காட்சிகளை எடுத்தாக வேண்டும். நெய்ப்பானையும் அண்டைவீட்டுச் சண்டையும் வீட்டு வாழ்வில் கண்டவை என்றால், நடக்கும் பிள்ளைக்குப் பாலூட்டுவதும் அவ்வாறே கண்டதுதான்.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாய் வரையறுக்கப்பட்டபோது, பால் உண்ணலுக்கெனத் தனிப் பருவம் அமையவில்லை. இலக்கணத்தில் இடம் பெறாதது வீட்டில் நின்றுவிடவில்லை. ஆனால், இன்று இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாலூட்டும் தாயை நோக்கி, 'இன்னுமா?' என்று கேட்கிறோம். வேப்பெண்ணெய் தடவி மறக்கச் செய் என்று அறிவுரை கூறுகிறோம். பிள்ளை கெட்டுப்போவான் என்று அச்சுறுத்துகிறோம். இதனைத் தமிழ்ப் பண்பாடு என்று சொல்வோர், பெரியாழ்வாரை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

அறிவியலும் அத்தாயின் பக்கமே நிற்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர்ப் பிற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1939இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின்பால் கொடுப்பதால் நேரும் சாவுகளைச் சிங்கப்பூர் மேடையிலேயே கண்டித்துப் பேசினார். நம் தோட்டப்புறத் தாய்மாரோ, விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் சீவப் போனவர்கள். அவர்களுள் பலருக்கு நினைத்தபோது பாலூட்டும் வாய்ப்பே இல்லை.

ஆதலால், பால் நிறுத்திய தாயையும் பழித்தல் தகாது. வறுமையால் பால் வற்றிய முலையைச் சுவைத்து அழும் குழந்தையைப் புறநானூற்றின் 164ஆம் பாடல் காட்டுகிறது. அங்கே புலவர் பெருந்தலைச் சாத்தனார் தாயைக் குறை கூறவில்லை. வறுமையை எடுத்துரைத்துக் குமணனிடம் உதவி கேட்கிறார். எவ்வளவு காலம் பாலூட்டுவது என்பதைத் தாயும் பிள்ளையும் முடிவு செய்யட்டும். ஊர் முடிவு செய்ய வேண்டா.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முலை என்னும் சொல் வருகிறதே என்று கூசி, இப்பதிகத்தை வகுப்பில் தாண்டிச் செல்லாதீர்கள். நாம் கூசினால், மாணவரும் அதனைக் கூசத்தக்க செயலென்றே கற்பர். நாளை அவர்களே தாயராகவும் தந்தையராகவும் அண்டைவீட்டாராகவும் ஆவர். பதிகத்தைத் தெளிந்த குரலில் படித்துப் பொருள் கூறுங்கள்.