தகப்பன் எங்கே?

நாவல் எழுதுகிறவன் சட்டத்துக்கு விமரிசனம் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதினால் என்ன? அதிலும் பாத்திரங்கள் இருக்கிறார்கள், சம்பவம் இருக்கிறது, கடைசியில் எல்லாம் நல்லபடி முடியும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளுக்கு முதலாளி காப்பகம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற விதியைப் பழசிலிருந்து புதுசு வரை சென்ற வாரம் உட்கார்ந்து படித்தேன். நடை வறட்சிதான். ஆனால் கதை இருக்கிறது.

1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து தொடங்கினேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது அது. வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் என்று எல்லாவற்றையும் நினைத்துத்தான் எழுதியிருந்தார்கள். 1976-இல் ஐம்பதை முப்பதாகக் குறைத்தார்கள். நல்ல எண்ணம், சந்தேகமில்லை. ஆனால் பெண்களை மட்டும் எண்ணினால் என்ன ஆகும்? முப்பத்தோராவது பெண் முதலாளியின் கண்ணுக்குத் தொழிலாளியாகத் தெரியமாட்டாள். ஓர் அறையும் ஓர் ஆயாவும் ஆறு தொட்டிலுமாகத் தெரிவாள். அவளுக்குப் பதில் ஓர் ஆணை எடுத்துக்கொண்டால் செலவு மிச்சம். அவனுக்கு வீட்டில் மூன்று குழந்தைகள் இருக்கலாம். அந்தச் சட்டத்துக்கு அவன் பிரமசாரி.

2017-இல் பிரசவ நலச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கோணலைக் கவனித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு விடுமுறை பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாயிற்று. ஆண், பெண் என்று பாராமல் ஐம்பது பேர் வேலை செய்கிற இடங்களில் காப்பகம் வேண்டும் என்றாயிற்று. அப்பாடா, தகப்பன் கதைக்குள் வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே ஆளைக் காணோம். காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை போய்வர முதலாளி அனுமதிக்க வேண்டுமாம். யாரை? பெண்ணை. ஐம்பது என்ற கணக்கு நிரம்புவதற்குத் தகப்பனுடைய தலை வேண்டியிருக்கிறது. குழந்தை அழுதால் எழுந்து போக அவன் கால் வேண்டியிருக்கவில்லை. 2020-இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த நான்கு முறை பெண்ணுக்கேதான்.

இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. என் குழந்தைகள் வளர்ந்த காலத்தில் நான் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் எங்கள் வீட்டுச் சரித்திரம்.

முதலாளி மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது போர்ட்லண்டு நகரில் கைசர் கம்பெனி கப்பல் கட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் பற்றவைப்பு வேலைக்கு வந்தார்கள். 1943-இல் கம்பெனி தன் தளங்களின் வாசலிலேயே இரண்டு காப்பகங்களைத் திறந்தது. ராத்திரி ஷிப்டுக்காரிகளுக்காக இரவிலும் நடந்தது. சளி, ஜுரம் என்றால் அங்கேயே தனி அறை, தாதி. வேலை முடிந்து போகிறவள் குழந்தையோடு, சமைத்த ராத்திரிச் சாப்பாட்டையும் விலைக்கு வாங்கிப் போகலாம். இதை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. அந்தி நேரத்து அடுப்பை நினைத்துப் பார்த்த சட்டம் எதையும் நான் படித்ததில்லை. ஆனால் செலவு கப்பல் கணக்கில் சேர்ந்து சர்க்காரிடம் போயிற்று. 1945-இல் யுத்தம் முடிந்தது, காப்பகமும் முடிந்தது.

"காப்பகம் வைத்தாலும் நம் பெண்கள் கொண்டுவருவதில்லை, வீட்டில் விடுவதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று இங்கே முதலாளிகள் சொல்வதுண்டு. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மானேஜர் என்னிடமும் சொன்னார். அறையைத் திறந்து காட்டினார். சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தது. ஆறு தொட்டில், ஒரு குழந்தை. விசாரித்ததில் அது ஆயாவின் பேத்தி.

டீ நேரத்தில் தையல் லைனில் இருக்கிற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய்.

"இங்கேயே விடலாமே அம்மா?"

"விடலாமுங்க. வண்டி காலைல ஆறரைக்கே வந்துருமுங்க. தூங்கற புள்ளையத் தூக்கிட்டு ஒன்றரை மணி நேரம் வரோணும். மறுக்கா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வண்டி. நானாச்சும் நின்னுக்கிட்டு வந்துருவேன், புள்ள நிக்குமா?"

"நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதே?"

அவள் சிரித்தாள். "நான் எந்திரிச்சா எனக்கு அடுத்து உக்கோந்திருக்கறவளுக்குத் துணி போகாதுங்க. அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிக்கறது?"

குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம். பிடித்திருக்கிறது என்று மானேஜர் சொன்னாரே, அதில் பஸ் இருக்கிறது, லைன் இருக்கிறது, அடுத்த பெண்ணின் முகம் இருக்கிறது. பிடித்தம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?"

"இங்கதானுங்க, கட்டிங்ல."

கட்டிங் பிரிவின் கதவிலிருந்து காப்பகத்துக்கு முப்பது அடி இருக்கும். அவளிருந்த கட்டடமோ மைதானத்துக்கு அந்தப் பக்கம். தகப்பன் போய்ப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று மானேஜரைக் கேட்டேன். "ஆம்பிளைங்களை அங்கே விடறதில்லை சார். தாய்மார் பால் கொடுக்கிற இடம்" என்றார். வாஸ்தவமான காரணம்தான். ஒரு திரைச்சீலைக்கு என்ன விலை என்று பனியன் கம்பெனிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தை அடுத்த முறை திருத்துகிறவர்கள், காப்பகத்துக்குப் போய்வரலாம் என்கிற வரியில் 'பெண்' என்பதை எடுத்துவிட்டுப் 'பெற்றவர்' என்று போடட்டும். கம்பெனி பஸ்ஸில் மடியில் குழந்தையோடு ஏறுகிறவளுக்கு உட்கார ஓர் இடம் என்று எழுதவும் அந்தப் பக்கத்தில் தாராளமாக இடமிருக்கிறது.