மரை வெட்டும் மென்பொருள்: வீட்டுப் பட்டறை லேத்தின் கட்டுப்பாட்டு மரபுகள்

மில்லிங் மெஷினில் ஸ்பிண்டில் சுற்றினால் போதும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது துல்லியமாகத் தெரியாவிட்டாலும் ஜாப் பெரும்பாலும் அளவோடு வந்துவிடும். லேத்தில் கதை வேறு. அங்கே சுற்றுவது ஜாப். மரை வெட்டும்போது டூல் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கணத்தில் ஜாப் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். டூல் பத்துப் பதினைந்து தடவை ஒரே பள்ளத்தில் இறங்கியாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மரை சிதைந்துவிடும். பழைய லேத்தில் இந்தப் பொறுப்பை லீட் ஸ்க்ரூவும் சேஞ்ச் கியர்களும் சுமந்தன. கியர்களைக் கழற்றிவிட்டு ஸ்டெப்பர் மோட்டாரும் கணினியும் பொருத்தினால், அந்தப் பொறுப்பு முழுவதும் மென்பொருளிடம் போய்ச் சேர்கிறது. ஆர்வலர்கள் கையாளும் கட்டுப்பாட்டு மென்பொருள்களை விலை, திரையழகு, பயனர் எண்ணிக்கை என்று பலவிதமாகப் பிரிக்கலாம். லேத்தைப் பொறுத்தவரை நான் ஒன்றை வைத்தே பிரிப்பேன்: ஸ்பிண்டிலை அது எப்படிக் கவனிக்கிறது?

கணினிவழிக் கடைசலின் வேர் அமெரிக்காவில். 1952ல் எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வுக்கூடம் எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை உலகுக்குக் காட்டியது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்தக் கலை பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது. கண்ட்ரோலர் ஒரு பூட்டிய பெட்டி. அதைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவருக்கும் இல்லை. பூட்டைத் திறந்தது ஓர் அரசு ஆய்வகம் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 1990களில் இஎம்சி என்ற கண்ட்ரோலரைச் சாதாரணக் கணினியில் ஓடும்படி எழுதியது. ஜெனரல் மோட்டார்ஸின் பாண்டியாக் பட்டறையில் ஒரு பெரிய மெஷினில் அதை மாட்டிச் சோதித்தார்கள். அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் அதற்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். இஎம்சி2 என்று ஆனது. அதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு நிறுவனத்தோடு சிக்கல் வந்ததால் 2011-12 வாக்கில் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது. மாக் என்ற விண்டோஸ் மென்பொருளும் தொடக்கத்தில் அந்த இஎம்சி நிரலிலிருந்து கிளைத்ததுதான். அதைத் தொடங்கியவர் ஆர்ட் ஃபெனர்ட்டி. ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்த விதத்தில்தான் வேறுபட்டன.

லினக்ஸ்சிஎன்சி மரபில் ஸ்பிண்டிலோடு ஓர் என்கோடர் இணைந்திருக்கும். ஏ, பி என்ற இரண்டு தடங்கள் நுண்ணிய கோணத்தையும் திசையையும் சொல்லும். இசட் என்ற மூன்றாவது தடம் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் துடிக்கும். மரை வெட்டு அந்த இசட் துடிப்பில் தொடங்கும். தொடங்கிய பிறகு, பொதுவான அமைப்பில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு முறை மென்பொருள் ஸ்பிண்டிலின் கோணத்தைப் படித்து, கேரேஜை அதற்கு ஏற்ற இடத்தில் நிறுத்தும். 600 ஆர்பிஎம்மில் சுற்றும் ஜாப் ஆயிரத்தில் ஒரு நொடியில் 3.6 டிகிரிதான் திரும்பும். 1.5 மில்லிமீட்டர் பிட்ச் மரையில் அதற்குள் டூல் நகர்வது 0.015 மில்லிமீட்டர். வெட்டு கனத்து ஸ்பிண்டில் தளர்ந்தால் கேரேஜும் அதே அளவு தளரும். பிட்ச் மாறாது.

மாக் 3ன் வழக்கமான அமைப்பில் என்கோடர் கிடையாது. ஸ்பிண்டிலில் ஒரு துளைத் தட்டு, சுற்றுக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். அதே 600 ஆர்பிஎம்மில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே, ஆயிரத்தில் ஒரு நொடியைப் போல் நூறு மடங்கு நேரம். அதற்குள் ஸ்பிண்டில் தளர்ந்தால் மென்பொருளுக்குத் தெரியாது. சமத்தில் தாளம் பிடித்துவிட்டு ஆவர்த்தனம் முழுவதும் பாடகரைப் பார்க்காமல் வாசிக்கும் மிருதங்கக்காரரைப் போன்றது அது: பாடகர் காலப்பிரமாணம் பிசகாதவரை கச்சேரி நன்றாகவே நடக்கும். முறுக்குவலு மிகுந்த மோட்டாரும் கனமான சக்கும் இருந்தால் மாக் 3ல் குறைசொல்ல முடியாத மரை வெட்டலாம், வெட்டியவர்கள் ஏராளம். சிறிய பெஞ்சு லேத்தில் முதல் ஆழமான வெட்டிலேயே வேகம் விழும், பள்ளம் விலகும். இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். மாக் 3ன் பேரலல் போர்ட் இயக்கி 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். அந்தக் கணினிகள் பழசாகிக்கொண்டே போகின்றன. என்றாலும் நிரலெழுதத் தெரியாத, லினக்ஸ் தொட்டிராத ஒரு தலைமுறையைக் கணினி லேத்துக்குக் கூட்டிவந்த பெருமை மாக்குக்கே உரியது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறப்பது.

2009ல் வந்த ஜெர்பில் அர்டுயினோ பலகையிலேயே அடங்கிவிடும் சிறிய மென்பொருள். மர வேலை, லேசர் வேலை செய்பவர்களிடம் மிகவும் பரவியது. ஆனால் மூல ஜெர்பிலில் ஸ்பிண்டிலோடு இசைந்த நகர்வு கிடையாது, சுற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஃபீட் கொடுக்கவும் வழியில்லை. லேத்துக்கு அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அதன் வழித்தோன்றலான ஜெர்பில்ஹாலில், வலுவான சிப்களின் மேல், மரை வெட்டு வந்திருக்கிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமான மரபு நான்காவது: எலக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூ. இதில் மெஷினுக்குக் கட்டளை எழுதும் ஜி-கோடு இல்லை, கிராஸ் ஸ்லைடு பழையபடி டர்னரின் கையில். கியர் தொடரை மட்டும் கழற்றிவிட்டு லீட் ஸ்க்ரூவில் ஒரு மோட்டார், ஸ்பிண்டிலில் என்கோடர், நடுவே ஒரு சிறிய சிப். வேண்டிய பிட்ச்சைப் பொத்தானில் தட்டினால் போதும். இது ஏன் பெரிய விஷயம் என்பது அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டியவர்களுக்குத் தெரியும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் 127 பல் கியர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தது. சிப்புக்கு அது வெறும் ஒரு வகுத்தல் கணக்கு. ஹாஃப் நட்டை மட்டும் இடையில் திறக்காமல் இருந்தால் சரி. கோவை கணபதி பக்கத்து லேத் பட்டறைகள் போல, ஒரே நாளில் பத்து விதமான ஒற்றை ஜாப் வந்து விழும் இடங்களுக்கு இந்த மரபுதான் பொருந்தும் என்பது என் துணிபு. டர்னரின் கைப்பழக்கம் வீணாவதில்லை, கியர் மாற்றும் நேரம் மிச்சமாகிறது.

இனித் தரநிலைகள். ஜி-கோடுக்கு அமெரிக்காவில் 1980ல் ஆர்எஸ்-274-டி என்றும், உலக அளவில் ஐஎஸ்ஓ 6983 என்றும் வரையறை உண்டு. நேர்கோட்டு நகர்வும் வளைவும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். மரை வெட்டும் ஜி76க்கு வந்தால் ஒவ்வொரு மரபும் தன் வட்டார வழக்கில் பேசுகிறது. லினக்ஸ்சிஎன்சியில் அது ஒரே வரி: ‘பி’ பிட்ச், ‘ஜே’ முதல் வெட்டின் ஆழம், ‘கே’ மொத்த ஆழம், ‘கியூ’ டூல் சரிந்து இறங்கும் கோணம், ‘எச்’ கடைசியில் ஆழம் கூட்டாமல் ஓட்டும் வெட்டுகள். ‘ஆர்’ என்பதில் 2 கொடுத்தால் ஒவ்வொரு வெட்டிலும் சீவப்படும் பரப்பு சமமாக இருக்கும்படி ஆழம் குறைந்துகொண்டே போகும். ஆலைகளில் புழங்கும் ஃபானக் கண்ட்ரோலர்கள் பலவற்றில் அதே ஜி76 இரண்டு வரி. அங்கே ‘பி’ முதல் வரியில் ஆறு இலக்கக் குறியீடு, இரண்டாம் வரியில் மரையின் ஆழம். ஆலையில் கற்றவர் அந்த நிரலை அப்படியே வீட்டு லேத்தில் ஓட்ட முடியாது, லினக்ஸ்சிஎன்சி அதைப் பிழை என்று மறுத்துவிடும்.

விட்டமா, ஆரமா என்பது அடுத்தது. ஃபானக் லேத்தில் எக்ஸ் என்றால் வழக்கமாக விட்டம். லினக்ஸ்சிஎன்சியில் ஜி7 கொடுத்தால் விட்டம், ஜி8 கொடுத்தால் ஆரம். ஜி76ன் ஆழங்களும் அதையே பின்பற்றும். எம்10 போல்ட்டுக்கு மரையின் ஆழம் சுமார் 0.92 மில்லிமீட்டர், ஜி7ல் ‘கே’க்கு 1.84 என்று எழுத வேண்டும். ஜி8 நிலவும்போது அதே 1.84ஐ எழுதினால் போல்ட்டின் கழுத்தே போய்விடும். நிரலின் முதல் வரியிலேயே ஜி7ஐ எழுதிவிடுவது நல்ல பட்டறைகளின் ஒழுக்கம்.

ஜி96ஐப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வெட்டும் இடத்தின் வேகம் மாறாமலிருக்க, விட்டம் குறையக் குறைய ஆர்பிஎம்மைக் கூட்டும் கட்டளை அது. ஜாபின் முகப்பைச் சீவும்போது ஓரம் முதல் நடு வரை ஒரே பளபளப்பு கிடைக்கும். நிமிடத்துக்கு 100 மீட்டர் என்று கொடுத்தால் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 800 ஆர்பிஎம். 4 மில்லிமீட்டரில் அது 8,000. நடுப்புள்ளியில் எல்லையே இல்லை. லினக்ஸ்சிஎன்சியில் உச்ச வேகத்தை ‘டி’ என்ற எழுத்தால் அதே வரியில் கட்டலாம். ஃபானக்கில் பெரும்பாலும் ஜி50 என்று தனி வரி. சக்கின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்துக்கு மேல் அந்த எண் போகவே கூடாது. எமர்ஜென்சி பொத்தானும் மென்பொருள் வழியாகப் போகக் கூடாது, மோட்டார்களின் மின்சாரத்தை நேரே துண்டிக்க வேண்டும்.

மெஷினின் தரம் குறைவானால் எந்த மரபும் காப்பாற்றாது. கிராஸ் ஸ்லைடில் 0.05 ப்ளே இருந்தால் விட்டத்தில் 0.1 பிசகும். பேக்லாஷ் எனப்படும் இந்தப் ப்ளேயை ஈடுகட்டும் எண் லினக்ஸ்சிஎன்சியிலும் மாக் 3லும் உண்டு. வெட்டும் விசை ஸ்லைடைத் தானே தள்ளும்போது அந்த எண்ணால் பயனில்லை. என்கோடரை மோட்டாரில் பொருத்தி, வழுக்கும் வி-பெல்ட் வழியே ஸ்பிண்டிலைக் கணிப்பதும் வீண்வேலை. பல் பெல்ட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று ஸ்பிண்டிலோடு இணைத்தால்தான் இசட் துடிப்பு எப்போதும் ஒரே கோணத்தில் வரும்.

ஒரு லேத்தின் கட்டுப்பாட்டை மதிப்பிட நான் பரிந்துரைப்பது பழுதுபார்க்கும் ஜாப். மரை தேய்ந்த ஷாஃப்ட் ஒன்றைச் சக்கில் மாட்டுங்கள். அதன் பழைய பள்ளம் எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஸ்பிண்டிலைத் தொடர்ந்து கவனிக்கும் மரபுகளில் இதற்கு வழி உண்டு. ஸ்பிண்டில் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டூலை ஜாபுக்குச் சற்று வெளியே வைத்து, மரை வெட்டைத் தொடங்கிச் சக்கைக் கையால் சுற்றினால் கேரேஜ் கூடவே நகரும். டூல் முனை பள்ளத்துக்கு எதிரே வரும் இடத்தில் நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணித்து, இசட் அச்சின் ஆஃப்செட்டை 0.05, 0.05 ஆக நகர்த்த வேண்டும். 1.5 பிட்ச்சில் 0.1 விலகினாலே மரையின் ஒரு கன்னம் மெலிந்துவிடும். முனை நடுவில் உட்கார்ந்த பிறகு மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, முதல் வெட்டைக் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எக்ஸை உள்ளே இறக்கலாம்.